பால் சுறாவும் பவளக்காலியும்

சிதம்பரம்
28 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய சிங்காரம் அவர்களுக்கு,

வணக்கம். 'கழிமுகம்' இதழுக்காக நீங்கள் எழுதிய பால் சுறா பகுதி கிடைத்தது. திருத்தி, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பிரிசில்லா ஆசிரியராக இருந்து நடத்தும் சிறிய இதழ்தான் என்றாலும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கப்போவது. நம் கரையில் வாழும் ஒரு சுறாவையும் ஒரு பறவையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதுதான் அவள் நம் இருவரிடமும் கேட்டது. மீன்வளத் துறையில் ஆய்வாளராக இருந்த உங்களுக்குச் சுறா. முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்த எனக்குப் பவளக்காலி, அதாவது சேற்றில் சிவப்புக் குச்சிக் கால்களோடு நடக்கும் அந்த உள்ளான். பங்கு பிரித்தாகிவிட்டது. ஆகையால் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்யும் முறையை நீங்கள் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. எடுத்துவிட்டேன்.

என் குறிகள் உங்களுக்குப் புதிது. கோடு போட்டு அடித்தது நீக்க வேண்டியது. வட்டம் போட்டது சரிபார்க்க வேண்டியது. அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தால், அடித்தது தவறு, அந்த வரி இருக்கட்டும் என்று பொருள். கடலூர் கான்வென்ட்டில் பள்ளி மலருக்கு மெய்ப்புத் திருத்தக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், புள்ளி வைக்கும்போது கை நடுங்கக் கூடாது என்பார். நடுங்கினால் அச்சுக்கோப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி கட்டுரைக்குத் தொடர்பில்லாதது. நீக்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் ஃபோனில் பேசலாமே என்று கேட்டிருந்தீர்கள். ஃபோனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஞானாம்பாள் சுப்பிரமணியன்

*

தேவனாம்பட்டினம், கடலூர்
3 மே 2025

ஞானாம்பாள் டீச்சருக்கு,

சிங்காரம் எழுதுவது. உறையைப் பிரித்தேன். தாள் முழுக்கச் சிவப்பு. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றது. ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

முதல் இரண்டு பக்கத் திருத்தங்களை ஒப்புக்கொள்கிறேன். புட்டு போனதில் வருத்தம் உண்டு. பேச்சு மூன்றாம் பக்கத்தைப் பற்றி.

அந்தப் பத்தியின் தொடக்கத்திலேயே 'இதற்கு மேல் பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்கு' என்று எழுதியிருந்தேன். நீங்கள் அந்த வரியையும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள். ஓரத்தில் 'தொடர்பில்லை, நீக்கவும்' என்று அழகான கையெழுத்தில் குறிப்பு வேறு. உத்தியோகத்தில் இருந்தபோது எத்தனையோ மனுக்களை நிராகரித்திருக்கிறேன். ஒருவன் வாழ்க்கையைக் கேட்டு எழுதிய மனுவை இப்படி நிராகரித்ததில்லை.

நான் கேட்டதை நீங்கள் படிக்காமல் அடித்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அதனால் திரும்ப எழுதுகிறேன். பால் சுறா நீந்துவதை நிறுத்தினால் அதன் செவுளில் தண்ணீர் ஓடாது, மூச்சு நின்றுவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். மனைவி போன பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. பிச்சாவரத்தில் உங்களோடு பறவை பார்க்க வந்த காலைகளில் மட்டும் முட்டவில்லை. என் வீட்டு மேல் அறை காலியாக இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, இருக்கிற காலத்தைச் சேர்ந்து கழிக்கலாமா? வீட்டில் மீன் சமைக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன்.

இவ்வளவுதான் அந்தப் பத்தி. இனி ஃபோன் வந்தால் எடுப்பதாக இல்லை. நீங்கள் சொன்னபடியே கடிதத்தில் காத்திருக்கிறேன்.

சிங்காரம்

*

சிதம்பரம்
9 மே 2025

மதிப்புக்குரிய சிங்காரம் அவர்களுக்கு,

நான் எதையும் படிக்காமல் அடிப்பதில்லை. படித்தேன்.

படித்துவிட்டு, கையில் பேனா இருந்ததால், பேனா செய்கிற வேலையைச் செய்தேன். ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டியதைச் சுறாக் கட்டுரையின் வாலில் ஒட்டி அனுப்பியவர் நீங்கள். வேறு தாள் கிடைக்கவில்லையா? அதுவும் என்ன கேட்டிருக்கிறீர்கள்? மேல் அறை காலியாம். வாடகைக்கு ஆள் தேடுபவர்கள்கூட ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. என் கணவர் இந்த ஊரில் பெயர் பெற்ற வக்கீல். மீன் வாங்கியறியாத வீடு இது. நீங்கள் எந்தக் குடும்பம், நாங்கள் எந்தக் குடும்பம் என்று ஊர் பேசுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில்லாததை எழுதப் பழகவில்லை. எல்லாவற்றையும்விட, என் மகன் பாலகுமாரின் குடும்பம் என்னை நம்பி இருக்கிறது. காலையில் நான் எழுந்து பால் காய்ச்சவில்லை என்றால் அந்த வீடு எட்டு மணிவரை எழாது. ஒப்பீட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுறா குட்டி போட்டதும் நீந்திப் போய்விடுகிறது. பறவை உட்கார்ந்திருக்கிறது.

கட்டுரைக்கு ஒரு செய்தி. கிள்ளை போகும் வழியில், கைவிட்ட இறால் குட்டை ஒன்றின் மேட்டில் பவளக்காலி கூடு வைத்திருக்கிறது. நான்கு முட்டை. கூடு என்றால் நாலு சுள்ளியும் கொஞ்சம் சேறும்தான். தினமும் விடிந்ததும் இளவரசுவின் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்க்கிறேன். நேற்று அவன், "டீச்சர், வுட்டா நீங்களே மேல ஒக்காந்து பொரிச்சிடுவீங்க போல" என்றான். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஞானாம்பாள் சுப்பிரமணியன்

*

தேவனாம்பட்டினம்
14 மே 2025

டீச்சருக்கு,

கிழக்குப் பக்கம். ஜன்னலைச் சொல்கிறேன். திறந்தால் நேராகக் கடல். வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கே சுடும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் பேச்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வலித்தது. பொய் சொல்லாமல் எழுதினீர்களே என்று பிறகு தோன்றியது. எனக்கும் ஊர் உண்டு. எங்கள் தெருவிலும் கேட்பார்கள், "போயும் போயும் கத்திரிக்கா திங்கிற வூட்டுலயா பொண்ணு பாத்த?" என்று.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய படகெல்லாம் துறையில் கட்டிக் கிடக்கிறது. தெருவில் ஆண்கள் வலை தைத்துக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருக்கிறார்கள். போன வாரம் என் மகள் இளமதி தூத்துக்குடியிலிருந்து வந்தாள். என் சட்டைகளை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்டியா இங்க ஒக்காந்துகினு இன்னாப்பா பண்ற? கெளம்பு. எங்களோட வந்து இரு."

"இங்க எனக்கு வேல இருக்குதும்மா."

"இன்னா வேல? தபால்காரனுக்குக் காத்துனு இருக்குறதா?"

தெரிந்துதான் கேட்டாளா, சும்மா கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். தடை முடிகிற சனிக்கிழமை, ஜூன் 14, மருமகன் காரோடு வருகிறார். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடப் போகிறேன். போனால் திரும்புவது எங்கே? இந்த வயதில் வேரோடு பிடுங்கியதை இரண்டு முறை நட முடியாது.

கட்டுரை விஷயம். நீங்கள் அனுப்பிய ஒப்பீட்டில் வேற்றுமைகளை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒற்றுமை என்று தலைப்புப் போட்டு, கீழே 'இல்லை' என்று ஒரே சொல். வேற்றுமை மட்டும் எழுதினால் அது ஒப்பீடு இல்லை டீச்சர், சண்டை. ஒன்றாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

சிங்காரம்

*

சிதம்பரம்
24 மே 2025

சிங்காரம் அவர்களுக்கு,

தூத்துக்குடி நல்ல ஊர் என்று கேள்வி. மகள் அழைக்கும்போது போவதுதான் முறை.

இந்தக் கத்திரி வெயிலில் குட்டைத் தண்ணீர் பாதியாக வற்றிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே மேட்டில் கால் வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டில் முட்டை வெந்துபோகாதா என்று பயந்துகொண்டிருந்தேன். பறவை எழுந்து தண்ணீருக்கு நடந்து போகிறது. வயிறு முழுக்க நனையும்படி அமுங்கி எழுகிறது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின்மேல் உட்காருகிறது. அடைகாப்பது சூடு கொடுக்க என்றுதான் முப்பது வருடமும் கரும்பலகையில் எழுதினேன். இங்கே குளிர்ச்சிக்காக உட்காருகிறது. இது புத்தகத்தில் உண்டு, நான் படித்ததும் உண்டு. கண்ணால் பார்ப்பது வேறு.

அது எழுந்து போகும் நேரத்தில் காக்கை வராதா என்று கேட்பீர்கள். தனியாக விட்டுப் போவதில்லை. முதுகு நன்றாகக் கறுத்தது ஆண், பழுப்பு ஓடியது பெண். ஒன்று வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் மற்றது எழுந்திருக்கிறது. வர நேரமானால் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது. கூப்பிடுவதுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை ஆண் வர வெகு நேரமாயிற்று. என்னால் குடையைப் பிடித்து நிற்க முடியவில்லை. இளவரசு, "டீச்சர், மயக்கம் போட்டு வுழுந்துடப் போறீங்க, வாங்க" என்று கத்தினான். ஆண் வந்து நின்ற பிறகுதான் கிளம்பினேன்.

என் கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. மாற்றிவிட ஆள் வராத இடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்த வாக்கியத்தை அடிக்கப் பேனாவை எடுத்தேன். இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சிறிய வேண்டுகோள். நான் திருத்தி அனுப்பிய உங்கள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? எல்லாப் படிகளையும் கோப்பில் ஒன்றாக வைத்திருப்பது என் வழக்கம். வேறு காரணம் எதுவுமில்லை.

ஞானாம்பாள்

*

தேவனாம்பட்டினம்
29 மே 2025

டீச்சருக்கு,

நீங்கள் வெயிலில் நின்றதைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தப் பறவைக்காவது வயிற்றில் இறகு இருக்கிறது. தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். குடை பிடித்த கை வலிக்கும்.

மூன்றாம் பக்கத்தை அனுப்ப மாட்டேன்.

கோப்புக்கு என்றால் நகல் எடுத்துத் தருகிறேன். அந்தத் தாள் என்னிடம் இருக்கட்டும். நான் கேட்டதும் அதில்தான் இருக்கிறது, நீங்கள் மறுத்ததும் அதில்தான் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரே தாளில் வேறெதுவும் எழுதியதில்லையே. தூத்துக்குடிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். துணிப் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன், மடங்காமல்.

பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். தம்பி வீட்டுக்காரி வந்து, "மாமா, மேல் ரூம்ல ஏன் புதுசா கொசுவல மாட்டியிருக்கீங்க? ஊருக்குப் போறவரு யாருக்கு மாட்டுனீங்க?" என்று கேட்டது. ஏப்ரலிலேயே மாட்டியது. அவிழ்க்க மனம் வரவில்லை. கொசு ஜாஸ்தி என்று சொல்லி வைத்தேன்.

பெயருக்குப் பின்னால் உங்கள் கணவர் பெயர் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மறதி என்றே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எதையும் மறப்பவர் இல்லை என்பதும் தெரியும்.

சிங்காரம்

*

சிதம்பரம்
3 ஜூன் 2025

சிங்காரம் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பொரிந்துவிட்டது. நான்கில் மூன்று. நான்காவது கூழ்முட்டை.

நான் போய்ச் சேர்ந்தபோது குஞ்சுகள் ஈரத்தோடு கிடந்தன. சேற்றின் நிறத்திலேயே இருந்ததால் கண்ணுக்குப் பிடிபட வெகு நேரமாயிற்று. மறுநாள் போனால் கூடு காலி. பதறிப்போனேன். பார்த்தால் மூன்றும் தண்ணீர் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள், தடுமாறி நடக்கின்றன. ஆனால் தாமே கொத்தித் தாமே தின்கின்றன. தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்று காவல் காக்கிறார்கள். ஒரு புழுவைக்கூட ஊட்டவில்லை. பிள்ளைகள் கேட்கவும் இல்லை.

அன்று வீடு திரும்பிக் காபி குடித்தேன். ருசி வேறாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. மருமகள் சுவாதியிடம் கேட்டேன்.

"பொடி மாத்திட்டோம் அத்தை. போன மாசமே."

"போன மாசமேவா? எனக்குச் சொல்லவில்லையே."

"நீங்கதான் காலையில குருவி பாக்கப் போயிடுறீங்களே. நாங்களே போட்டுக் குடிச்சுப் பழகிட்டோம்."

"டிபன்?"

"அத்தை, நீங்க இல்லாதப்ப நாங்க பட்டினியா கெடக்குறோம்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தாள். குத்தலாகச் சொல்லவில்லை. நல்ல பெண். எட்டு மணிவரை எழாது என்று நான் உங்களுக்கு எழுதிய வீடு, ஆறரைக்கே எழுந்து, தோசை வார்த்து, டப்பா கட்டி, கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் ஏதோ இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

பாலகுமாரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் என்ன கேட்டீர்கள், நான் என்ன செய்தேன், இரண்டையும். அவன், "அப்பா படத்த என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டான். எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டான் என்று சொல்ல மாட்டேன்.

கட்டுரையில் 'இல்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். ஒற்றுமை என்ற தலைப்பின் கீழ் இப்போது இருப்பது இது:

'பால் சுறா ஏறத்தாழ ஒரு வருடம் வயிற்றில் சுமந்து குட்டி போடுகிறது. பவளக்காலி மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்கிறது. பிறந்தபின் சுறாக்குட்டிக்கும் சரி, பறவைக்குஞ்சுக்கும் சரி, ஊட்டிவிட ஆள் தேவையில்லை. இரண்டும் தம் இரையைத் தாமே தேடிக்கொள்கின்றன.'

சுறா பற்றிய வரி சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதுவே போதும். இதற்கு மேல் இருப்பது பிள்ளைகளுக்கு இல்லை.

ஞானாம்பாள்

*

தேவனாம்பட்டினம்
6 ஜூன் 2025

டீச்சருக்கு,

வரி சரி. ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

நேற்று, தடை இல்லாத சிறிய ஃபைபர் படகு ஒன்று கரைக்கு வந்தது. வலையில் நண்டோடு நண்டாக ஒரு பால் சுறாக்குட்டி, முழங்கை நீளம். உயிர் இருந்தது. கையில் எடுத்துத் திருப்பினேன். வயிற்றில் தொப்புள் இன்னும் மூடவில்லை. சுறாவுக்குத் தொப்புள் உண்டு என்று சொன்னால் பிரிசில்லாவின் பிள்ளைகள் நம்புவார்களா? தாயோடு ஒட்டியிருந்த கொடி அறுந்து இரண்டு மூன்று வாரத்துக்குள்தான் இருக்கும். அதற்குள் தனியாக வேட்டைக்கு வந்து மாட்டியிருக்கிறது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். படகுக்காரன், "மாமா, ஊருக்குப் போற நேரத்துல இதெல்லாம் இன்னா வேல?" என்று கத்தினான். குட்டியைப் பிடித்துத் தலைப்பக்கமாகத் தண்ணீருக்குள் மெல்லத் தள்ளிக்கொண்டே நடந்தேன். செவுளில் தண்ணீர் ஓடினால்தானே மூச்சு. கொஞ்ச தூரம் அது நீந்தியதா, நான் நடந்தேனா என்று தெரியவில்லை. திடீரென்று உதறியது. போய்விட்டது.

நான் அங்கேயே நின்றேன். இடுப்பளவு அலையில், செய்ய ஒரு வேலையும் இல்லாமல். மூச்சு முட்டவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

'இதற்கு மேல் இருப்பது பிள்ளைகளுக்கு இல்லை' என்று முடித்திருக்கிறீர்கள். யாருக்கு என்று எழுதவில்லை. நான் எழுதிய வரியைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைத்து ராத்திரி முழுக்கப் புரண்டேன். தப்பாகப் புரிந்துகொண்டு வந்து நிற்க எனக்குத் துணிவில்லை. ஒரு தடவை அடி வாங்கியவன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார். பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. மேல் அறை மட்டும் அப்படியே இருக்கிறது.

சிங்காரம்

*

சிதம்பரம்
9 ஜூன் 2025

சிங்காரம் அவர்களுக்கு,

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் கடலூர் வருகிறேன். அங்கிருந்து தேவனாம்பட்டினம் டவுன் பஸ்ஸில் வந்து, உங்கள் தெரு முனையில் இறங்கி, நடந்து வருவேன். கூட்டிப்போக வர வேண்டாம். தெருவில் இருப்பவர்கள் பார்க்கட்டும். யார் வீடு என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். இந்தக் கடிதம் அதற்குள் கிடைக்காவிட்டாலும் வருவேன்.

கொசுவலையை அவிழ்க்க வேண்டாம். ஜன்னலுக்கு மூங்கில் தட்டி ஒன்று தேவைப்படும், எட்டு மணி வெயில் எனக்கு ஆகாது. நீங்கள் மீனை விட வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வருடம் மீனில் வளர்ந்த உடம்பு. அடுப்பு இரண்டு இருந்தால் போதும். இளமதியிடம் நான் பேசுகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், காரில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

துணிப் பெட்டியிலிருந்து அந்த மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்திருங்கள். நகல் அல்ல, அந்தத் தாள். சிவப்புப் பேனாவை நான் கொண்டுவருகிறேன். அடித்த வரிகள் மொத்தம் பதினொன்று, எல்லாவற்றுக்கும் கீழே புள்ளி வைக்க வேண்டும்.

கை நடுங்கும். சந்தேகப்பட வேண்டாம்.

ஞானாம்பாள்